குடியேறிய முதலாளியும் உள்ளூர்த் தொழிலாளியும்

தொழில் தொடங்குவதற்கு மூலதனம், இயந்திரம், சந்தை ஆகிய மூன்றும் தேவை என்பது பொருளாதாரம் பயில்வோர் அனைவரும் அறிந்ததே. ஆனால் பிறந்த ஊரை விட்டு வேறொரு நாட்டிலோ, வேறொரு மாநிலத்திலோ தொழில் தொடங்குபவருக்கு நான்காவதாக ஒன்றும் தேவைப்படுகிறது. தமக்கு மொழியும் வழக்கமும் புதிதான ஓர் இடத்தில், அங்குள்ள மக்களை வேலைக்கு அமர்த்தி, அவர்களோடு இணங்கித் தொழிலை நடத்தும் திறனே அது. மூலதனத்தைக் கடனாகப் பெறலாம். இயந்திரத்தை இறக்குமதி செய்யலாம். இத்திறனை அவ்விடத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

இதனை ஆராய்வதற்கு மும்பை மாநகரைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை எனலாம். தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளும் ஒன்றிலிருந்து மற்றொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. மூன்றிலும் தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். மூன்றிலும் தொழில் நடத்தியவர்களுள் பலர் வெளியிலிருந்து வந்தவர்கள். தாராவிக்கு வந்தவர் திருநெல்வேலிச் சீமையினர். மாதுங்காவுக்கு வந்தவர் தென்கன்னடத்தாரும் தமிழரும். செம்பூரை அடுத்த டிராம்பேக்கு வந்தவையோ ஆங்கிலேய, அமெரிக்க எண்ணெய் நிறுவனங்கள். ஆள் சேர்ப்பதில் மூன்றும் மூன்று வழிகளைக் காட்டுகின்றன.

தாராவி: உறவின் வழி

தாராவி முதலில் கோலி இன மீனவரின் குடியிருப்பாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சௌராட்டிரத்திலிருந்து குயவர்கள் வந்து கும்பார்வாடாவில் குடியேறினர். ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் தோல் பதனிடும் தொழிற்கூடங்களை நிறுவினர். பாந்திராவில் இருந்த ஆட்டு, மாட்டு இறைச்சிக் கூடம் அருகிலேயே இருந்ததால் பச்சைத் தோல் எளிதில் கிடைத்தது. அத்தொழிற்கூடங்களில் வேலை செய்யத் திருநெல்வேலி மாவட்டத்தின் ஆதிதிராவிட மக்கள் பெருந்தொகையாக வந்தனர்.

இவர்களை யார் வரவழைத்தார்கள்? விளம்பரமோ வேலைவாய்ப்பு அலுவலகமோ அன்று. முன்னரே வந்து வேலையில் இருந்தவர் ஊருக்குச் சென்று திரும்பும்போது தம்பியையோ மைத்துனனையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ உடன் அழைத்து வந்தார். இம்முறையைப் பொருளாதார நோக்கில் பார்த்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. புதிய ஆளின் திறமையையும் நாணயத்தையும் அறிய முதலாளி செலவிட வேண்டியது ஒன்றுமில்லை. அழைத்து வந்தவரே அவருக்கு ஜாமீன். வந்தவருக்கும் முதல் நாளிலேயே தங்க இடமும், பேசத் தமிழும், பசிக்கு உணவும் கிடைத்தன.

எனினும் இதற்கு ஒரு விலை இருந்தது. கூலியும் முன்பணமும் வாய்க் கணக்காக அமைந்தன. முன்பணம் தீராதவரை வேறிடம் செல்வது கடினமாயிற்று. முதலாளியைக் கேள்வி கேட்பது, வேலை வாங்கித் தந்த உறவினரை அவமதிப்பதாகக் கருதப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னார் இன்ன ஆண்டு முதல் இன்ன வேலை செய்தார் என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை.

1970-களின் தொடக்கத்தில் இறைச்சிக் கூடம் பாந்திராவிலிருந்து தேவ்னாருக்கு மாற்றப்பட்டது. சுற்றுச்சூழல் விதிகளும் இறுகின. தோல் பதனிடும் தொழில் தாராவியில் படிப்படியாகக் குறைந்து, பதனிட்ட தோலைக் கொண்டு பைகளும் இடுப்பு வார்களும் செய்யும் தொழில் தங்கியது. தொழிற்கூடம் மூடப்படும்போது வருங்கால வைப்பு நிதியையோ பணிக்கொடையையோ கோருவதற்குப் பணிக்காலச் சான்று வேண்டும். அது இல்லாதவருக்குச் சட்டம் இருந்தும் பயன் இல்லை. முதலாளியின் நல்லெண்ணம் ஒன்றே அவருக்குத் துணை.

இன்று தாராவியின் தோல், ஆடைக் கூடங்களில் வேலை செய்வோருள் பலர் உத்தரப் பிரதேசத்தையும் பீகாரையும் சேர்ந்த இளைஞர்கள். ஒரு காலத்தில் தொழிலாளியாக வந்த குடும்பத்தின் பேரன் இன்று கூடத்தின் உரிமையாளராக இருக்கலாம். அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் இடையே உறவும் இல்லை, ஒரே ஊரும் இல்லை, தாய்மொழியும் ஒன்றன்று. ஆனால் ஆள் சேர்க்கும் முறை மட்டும் பழையபடியே வாய்மொழியில் நிற்கிறது. உறவு அளித்த பாதுகாப்பு நீங்கிவிட்டது. சட்டம் அளிக்கும் பாதுகாப்பு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. இந்த இடைவெளியே இன்றைய சிக்கலின் மையமாகும்.

மாதுங்கா: ஊரின் வழி

தாராவிக்குக் கிழக்கே இரயில் பாதையைக் கடந்தால் மாதுங்கா. இங்குக் குடியேறிய தென்னிந்தியர் பெரும்பாலும் அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் தட்டெழுத்தாளர்களாகவும் பணியாற்றியவர்கள். 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகம் இவர்களுடைய பிள்ளைகளின் கல்விக்காகப் பள்ளிகளையும் பின்னர் கல்லூரிகளையும் நிறுவியது. இவர்களுக்கு உணவளிக்க எழுந்தவை உடுப்பி உணவகங்கள். 1940-களின் தொடக்கத்தில் ஏ. ராமநாயக் நிறுவிய ஸ்ரீகிருஷ்ண போர்டிங் அவற்றுள் புகழ்பெற்றது.

இவ்வுணவகங்களில் சமையற்காரர் முதல் மேசை துடைப்பவர் வரை உரிமையாளரின் மாவட்டத்திலிருந்தே வந்தனர். உணவும் உறைவிடமும் கூலியின் ஒரு பகுதி. பகலில் வேலை செய்த சிறுவர்கள் இரவில் கன்னட இரவுப் பள்ளிகளில் படித்தனர். அவ்வாறு படித்து உயர்ந்தவர் பலர். பின்னர்த் தாமே உணவகம் தொடங்கியவரும் உண்டு. வேலையிடமே பயிற்சிக்கூடமாக இருந்ததே இம்முறையின் சிறப்பு. ஆனால் அது சிறுவர் உழைப்பில் நின்ற முறை என்பதையும் மறைக்க இயலாது. உணவகங்களிலும் வீடுகளிலும் 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைப்பதை மத்திய அரசு 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்தது.

மற்றொரு குறையும் இருந்தது. தெருவில் வாழ்ந்த மராத்தி இளைஞனுக்கு அத்தெருவிலிருந்த கடையில் வேலை கிடைப்பது அரிதாயிற்று. வெளியிலிருந்து வந்தவர் தம் ஆட்களையே நிரப்பிக்கொள்கின்றனர் என்ற மனக்குறை வளர்ந்தது. 1966-இல் தோன்றிய சிவசேனை இம்மனக்குறையைத் தென்னிந்தியருக்கு எதிரான இயக்கமாக மாற்றியது. உணவகங்கள் தாக்கப்பட்டன. வன்முறையை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. ஆயினும் தொழில் நடத்துவோர் கருதத்தக்க பாடம் ஒன்று அதில் உண்டு. ஆள் சேர்க்கும் வாயில் எவருக்கும் தெரியாததாக இருக்கும்போது, உள்ளே நடப்பது நேர்மையாக இருந்தாலும் வெளியே ஐயம் பிறக்கும்.

டிராம்பே: சட்டத்தின் வழி

செம்பூரை அடுத்த மாஹுல், டிராம்பே கடற்கரையில் 1954-இல் அமெரிக்க ஸ்டான்வாக் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1955-இல் பர்மா ஷெல் ஆலையும் இயங்கத் தொடங்கின. அயல்நாட்டு முதலாளி உள்ளூர் ஆட்களை அமர்த்துவது என்பதன் நேரடியான உதாரணம் இவையே.

இத்தகைய நிறுவனங்கள் பின்பற்ற வேண்டிய நெறியைப் பிரதமர் நேரு 1949 ஏப்ரல் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் அயல்நாட்டு மூலதனம் பற்றி விடுத்த அறிக்கையில் தெளிவாக்கியிருந்தார். தகுதியுள்ள இந்தியர் கிடைக்காத தொழில்நுட்பப் பதவிகளில் அயல்நாட்டவரை அமர்த்துவதற்கு அரசு தடை சொல்லாது. ஆனால் அப்பதவிகளுக்கும் இந்தியரை விரைவில் பயிற்றுவித்து அமர்த்துவதை அரசு மிக முக்கியமாகக் கருதும் என்பதே அதன் கருத்து. எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்று எண்ணிக்கை விதிக்காமல், பயிற்சியை வலியுறுத்தியது இக்கொள்கையின் தனித்தன்மையாகும். 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் மேலும் ஒரு படி சென்று, அயல்நாட்டவர் இந்தியாவில் பணி ஏற்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவை என்று விதித்தது. இன்று அச்சட்டம் நடைமுறையில் இல்லை.

மேல்நிலைப் பதவிகளில் மாற்றம் படிப்படியாக வந்தது. மும்பையின் சிவ்ரி பகுதியில் 1934 முதல் சோப்பு உற்பத்தி செய்த லீவர் நிறுவனத்தில் 1937-இல் சேர்ந்த பிரகாஷ் டாண்டன், 1961-இல் ஹிந்துஸ்தான் லீவரின் முதல் இந்தியத் தலைவரானார். ஓர் அதிகாரியைப் பயிற்றுவித்துத் தலைமைக்குக் கொண்டுவர 24 ஆண்டுகள் ஆயின.

கீழ்நிலையில் சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. ஸ்டான்வாக் ஆலையின் நிரந்தரத் தொழிலாளருக்கு நல்ல ஊதியமும் பிற வசதிகளும் இருந்தன. ஆனால் ஆலையைத் துப்புரவு செய்யும் வேலை ஓர் ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்டிருந்தது. அவர் அமர்த்திய ஆட்களுக்குப் பணிப் பாதுகாப்பும் பிற வசதிகளும் இல்லை. இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் அந்த ஒப்பந்த ஆட்கள் அல்லர். ஆலையின் நிரந்தரத் தொழிலாளரே என்பது குறிப்பிடத்தக்கது. தமக்கு நேரடி ஆதாயம் இல்லாத ஒரு கோரிக்கையை அவர்கள் எழுப்பினர்.

துப்புரவு வேலையில் ஒப்பந்த முறையை ஒழிக்குமாறு தொழில் தீர்ப்பாயம் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 1960-இல் அதனை உறுதி செய்தது. அவ்வேலை ஆலையின் இயக்கத்துக்கு இன்றியமையாதது. ஆண்டு முழுவதும் நடைபெறுவது. முழு நேர ஆட்கள் பலருக்கு இடமளிக்கும் அளவினது. ஒத்த நிறுவனங்களில் நிரந்தர ஆட்களால் செய்யப்படுவது. இவை போன்றவையே நீதிமன்றம் கருத்திற்கொண்ட அளவுகோல்கள். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை, ஒழிப்பு) சட்டத்தின் 10-ஆம் பிரிவில் இவையே இடம் பெற்றன. செம்பூருக்கு அருகே ஓர் ஆலையின் துப்புரவாளர் பொருட்டு எழுந்த வழக்கு நாடு முழுவதற்கும் விதியாயிற்று. எனினும் ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் அந்த ஆட்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இந்த ஆலைகளின் பிற்கால வரலாறு மற்றொன்றையும் காட்டுகிறது. எஸ்ஸோ என்ற பெயரில் இயங்கிய ஸ்டான்வாக் ஆலையை 1974-இலும், பர்மா ஷெல்லை 1976-இலும் நாடாளுமன்றச் சட்டங்களின் வழி அரசு ஏற்றது. இன்றைய ஹிந்துஸ்தான் பெட்ரோலியமும் பாரத் பெட்ரோலியமும் அவற்றின் வழிவந்தவை. முதலாளி நாடு திரும்பினார். தொழிலாளியின் வேலையும் பணி நிபந்தனைகளும் புதிய உரிமையாளரிடம் தொடர்ந்தன. அவை எழுத்தில் இருந்தமையால் அவ்வாறு தொடர முடிந்தது. தாராவியில் தொழிற்கூடம் மூடப்பட்டபோது நேர்ந்ததையும் டிராம்பேயில் உரிமை கைமாறியபோது நேர்ந்ததையும் ஒப்பிட்டால், எழுத்து வடிவ நிபந்தனையின் மதிப்பு விளங்கும். வெளியிலிருந்து வந்த முதலாளி ஒரு நாள் திரும்பிப் போகக்கூடியவர். தொழிலாளியோ அங்கேயே இருப்பவர்.

உள்ளூரார் யார்?

உள்ளூராரை அமர்த்த வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. உள்ளூரார் யார், அதைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தலாமா என்பவையே வினாக்கள். அரசுப் பணிகளில் பிறப்பிடம், வசிப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் வேறுபாடு காட்டுவதை அரசியலமைப்பின் 16-ஆம் உறுப்பு தடுக்கிறது; வசிப்பிடத் தகுதியை விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் தொழில் செய்யவும் 19-ஆம் உறுப்பு உரிமை அளிக்கிறது.

தனியார் தொழில்களுக்கு மாநிலங்கள் வெவ்வேறு வழிகளை நாடின. மகாராட்டிர அரசின் 2008-ஆம் ஆண்டு ஆணை, 15 ஆண்டுகள் மாநிலத்தில் வசித்தவரை உள்ளூராராகக் கொண்டு, மேற்பார்வைப் பணிகளில் 50 விழுக்காடும் பிற பணிகளில் 80 விழுக்காடும் அவர்களுக்கு அளிக்கப்பட வேண்டும் என்றது. இந்த விளக்கத்தின்படி, தாராவியில் பிறந்து வளர்ந்த தமிழரும் உள்ளூராரே. ஆந்திரப் பிரதேசம் 2019-இல் 75 விழுக்காட்டைச் சட்டமாக்கியது. ஹரியாணாவின் இத்தகைய சட்டத்தைப் பஞ்சாப், ஹரியாணா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லாது என அறிவித்தது.

அயல்நாடுகளில் தொழில் நடத்தும் இந்தியரும் இதே வினாவை எதிர்கொள்கின்றனர். சவூதி அரேபியா 2011-இல் கொண்டுவந்த நிதாகத் திட்டம், அந்நாட்டவர் எத்தனை பேர் வேலையில் உள்ளனர் என்பதைக் கொண்டு நிறுவனங்களை நிறவாரியாகப் பிரித்தது. சிவப்புப் பிரிவில் விழுந்த நிறுவனம் தன் அயல்நாட்டு ஆட்களின் அனுமதியைப் புதுப்பிக்க இயலாது. சிங்கப்பூரிலோ அயல்நாட்டுத் தொழிலாளர் விகிதத்துக்கு உச்சவரம்பும் தலைக்கு மாதத் தீர்வையும் உண்டு. தூதரகச் சலுகை பெற்றோரும் பொறுப்பிலிருந்து முற்றிலும் விடுபட்டவர் அல்லர். தாராவியை ஒட்டிய பாந்திரா-குர்லா வளாகத்தில் அயல்நாட்டுத் துணைத் தூதரகங்கள் சில உள்ளன. துணைத் தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தின் 48-ஆம் உறுப்பு, அங்குப் பணிபுரிவோர் தாம் அமர்த்தும் உள்ளூர் ஆட்களின் பொருட்டு அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கும் கடமைகளை நிறைவேற்ற வேண்டும் என்கிறது.

நடைமுறைக்கு உரியவை

நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றையும் முந்தைய அனுபவத்தையும் கருதினால், வெளியிலிருந்து வந்து தொழில் நடத்துவோர் கைக்கொள்ள வேண்டியவை ஐந்து எனலாம்.

1. நியமனக் கடிதம்: தொழிலாளிக்கு நியமனக் கடிதம் அளிப்பதைப் புதிய சட்டம் கடமையாக்கியுள்ளது. அது அவர் படிக்கும் மொழியில் இருப்பது நன்று. நிலையாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது.

2. ஊதியம்: குறைந்தபட்ச ஊதியம் இப்போது எல்லா வேலைகளுக்கும் உரியது. மாத ஊதியம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும், வேலையை விட்டு நீங்குபவரின் பாக்கி இரண்டு வேலை நாட்களுக்குள்ளும் தரப்பட வேண்டும். முன்பணம் தந்தால் அதனையும் எழுத்தில் பதிய வேண்டும்.

3. மேஸ்திரியின் இடம்: பம்பாய் ஆலைகளில் ஆள் சேர்த்து, வேலை வாங்கி, விலக்கவும் செய்த ஜாபர் முறையின் தீமைகளை 1931-இல் விட்லி ஆணையம் எடுத்துக்காட்டியது. ஆளை அறிமுகம் செய்பவர் வேறு; கூலி தருபவர் வேறு என்று இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் முதன்மை முதலாளியே தர வேண்டும் என்பது 1970 முதல் சட்டமாகும்.

4. பயிற்சி: 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் தொழில் பழகுநரைச் சேர்ப்பது கட்டாயம். உள்ளூர் இளைஞருக்கு வாயிலைத் திறக்க இதைவிட எளிய வழி இல்லை. வந்தவர் மேற்பார்வையாளராக உயரவும் வழி இருக்க வேண்டும். மேற்பதவிகள் யாவும் முதலாளியின் ஊராருக்கே என்றால் பயிற்சி வீண்.

5. குறை கேட்டல்: 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடங்களில், இரு தரப்பினரும் சம எண்ணிக்கையில் அமர்ந்த குறைதீர் குழு அமைக்கப்பட வேண்டும். மொழி தெரியாத முதலாளிக்கு அது ஒரு செவியாகப் பயன்படும்.

சிறு கூடங்களின் உரிமையாளர் இவற்றைச் சுமையாகக் கருதக்கூடும். தொழிற்சாலை என்னும் விளக்கத்துக்கான எண்ணிக்கை வரம்பு, மின்விசை பயன்படுத்தும் இடங்களில் 10-இலிருந்து 20 ஆக உயர்ந்துள்ளதால், தாராவியின் கூடங்களில் பல அவ்வரம்புக்கு வெளியே நிற்கக்கூடும். அவ்விடங்களில் ஆய்வாளரின் வருகையைவிட நியமனக் கடிதமே தொழிலாளிக்கு முதற் காவலாகும். ஒரு தாளில் பெயர், சேர்ந்த தேதி, வேலை, ஊதியம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட ஆகும் செலவு மிகச் சிறியது.

முடிவுரை

தாராவி இப்போது மறுசீரமைப்புத் திட்டத்தின் வாயிலில் நிற்கிறது. யார் எந்த நாள் முதல் எங்கே இருந்தார் என்பதை ஆவணங்களைக் கொண்டே முடிவு செய்யும் காலம் இது. கூடத்தின் உரிமையாளரிடம் வரி ரசீதோ உரிமமோ இருக்கலாம். அதே கூடத்தின் பரணில் உறங்கி, பல ஆண்டுகள் உழைத்த பீகார் இளைஞனிடம் காட்ட என்ன இருக்கிறது? நூறாண்டுக்கு முன் அதே நிலையில் நின்றவர் திருநெல்வேலியிலிருந்து வந்த தொழிலாளி. அவருடைய வழித்தோன்றல்களுள் சிலர் இன்று முதலாளிகள். தம் பாட்டனாருக்குக் கிடைக்காத அந்த ஒரு தாளை, தம்மிடம் வேலை செய்பவருக்குத் தருவது அவர்கள் கையில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்து தொழில் நடத்துபவருக்கு அவ்வூரில் வேர் பிடிப்பதும் அத்தகைய செயல்களாலேயே ஆகும்.